கடலுக்குப் போன உம்மா

மண்டபத்தில் ஜெய்னுலாபுதீன் வீடு எது என்று கேட்டால் எந்த ஜெய்னுலாபுதீன் என்று திருப்பிக் கேட்பார்கள். பொண்டாட்டியைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டுத் தொட்டில் ஆட்டிய ஜெய்னு என்று சொன்னால் போதும், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவன் விசைப்படகில் வேலைக்குப் போகிற மீனவன். இது அவன் மனைவி மஜீதா கல்லூரியில் படித்த கதை. அவளிடமே கேட்டால், "நாலு பேரு சேந்து படிச்சோம், டிகிரிய எம்பேருல குடுத்துட்டாக" என்பாள்.

மஜீதாவுக்குச் சொந்த ஊர் பெரியபட்டினம். பள்ளியில் அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த மாதத்தில் நிக்காஹ் பேசி முடித்துவிட்டார்கள். அதற்காக அவள் யாரையும் குறை சொன்னதில்லை. மாப்பிள்ளை நல்லவன், மாமியார் வீட்டுப் பிடுங்கல் இல்லை, தனிக்குடித்தனம். மகள் மாஷிதா பிறந்தாள். அவளுக்கு அடுத்து மகன் ஸுஹைர். சாயங்காலமானால் தெருப்பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று என்று வைத்துக்கொண்டே அவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

ஏப்ரல் நடுவில் தொடங்கி இரண்டு மாதம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம் என்று அரசாங்கம் போடுகிற தடை. ஜெய்னுவோடு படகில் போகிறவர்களில் பாதிப் பேர் அந்த மாதங்களில் கேரளத்துப் படகுகளில் வேலை தேடிப் போய்விடுவார்கள். ஸுஹைர் பிறந்த மறு வருடம் ஜெய்னு போகவில்லை. வலையைச் சரிசெய்துகொண்டு வீட்டோடு இருந்தான். அப்போதுதான் தன் வீட்டில் சாயங்காலம் என்ன நடக்கிறது என்பதை அவன் முழுதாகப் பார்த்தான்.

பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டினாள். மஜீதா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு மேல எனக்குத் தெரியாதுத்தா. காலேஜ் படிச்சவுககிட்டக் கேளு" என்றாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பிள்ளைகள் போன பிறகும் அந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சோறு வடிக்கும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது ஜெய்னு கேட்டான்.

"நீ ஏன் காலேஜுக்குப் போகக் கூடாது?"

"நல்லாக் கேட்டீக. புள்ளைகள யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன்."

"நீங்க கடல்ல இருப்பீக மச்சான்."

"தெனமுமா கடல்ல இருக்கேன்? ஒருநா கடலு, ஒருநா கரை. கணக்கு உனக்குத்தான வரும், போட்டுப் பாரு."

அவள் போட்டுப் பார்த்தாள். படகு திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகும். மறுநாள் காலையில் கரைக்கு வந்துவிடும். அப்படியானால் செவ்வாயும் வியாழனும் வெள்ளியும் ஜெய்னு வீட்டில் இருப்பான். திங்களும் புதனும்தான் இடித்தது. அந்த வருடம் விட்டால் கல்லூரியில் சேருகிற வயசும் தாண்டிவிடும். பெரியபட்டினத்துக்குப் போன் போட்டு வாப்பாவிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள். அவர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, "எங்க வீட்டுல இருந்தப்ப நாங்க அனுப்பல. இப்ப உம் மாப்ள அனுப்புறேங்குறாரு. நான் எந்த வாயை வச்சு வேண்டாங்குறது" என்றார்.

திங்கள், புதனுக்கு வழி சொன்னவள் பக்கத்து வீட்டு ராமலெட்சுமி. மீன் இறங்குதளத்தில் ரகம் பிரித்துப்போடுகிற வேலை அவளுக்கு. படகு கரைக்கு வருகிற நாளில்தான் அவளுக்கு வேலை இருக்கும். படகெல்லாம் கடலுக்குள் கிடக்கிற நாளில் அவள் சும்மா இருப்பாள். அவளுடைய பெண்ணைக் கட்டிக்கொடுத்து ஆண்டு பல ஆகிவிட்டது. புருசன் உப்பளத்து வேலையாகச் சாயல்குடிப் பக்கமே தங்கிவிடுகிறவர்.

"ஜெய்னு தம்பிக்கு வேலை இருக்கையில எனக்கு ஓய்வு. எனக்கு வேலை இருக்கையில தம்பிக்கு ஓய்வு. பெறகு என்ன?" என்றாள். "புள்ளைய இங்கன விட்டுட்டுப் போ. நானும் புள்ளையத் தூக்கி நாளாச்சு."

இப்படித்தான் மஜீதா ராமநாதபுரத்துக் கல்லூரியில் கணிதத்துக்குச் சேர்ந்தாள்.

முதல் மாதங்கள் அவளை உலுக்கி எடுத்துவிட்டன. விடிவதற்குள் எழுந்து சமைத்து, மாஷிதாவைக் குளிப்பாட்டி அங்கன்வாடிக்குக் கிளப்பி, ஸுஹைருக்குப் பால் கொடுத்து, ஓடிப்போய்ப் பஸ் பிடிப்பாள். உச்சிப்புளி தாண்டும் முன்னால் கண் சொருகிவிடும். வகுப்பில் எல்லாம் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பிள்ளைகள். அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள். ஒருத்தி மறந்துபோய் டீச்சர் என்று கூப்பிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யாரிடமும் சொல்ல முடியாத ஒரு பாடும் இருந்தது. ஸுஹைர் பால்குடி மறக்காத பிள்ளை. மதியம் ஆனால் மார்பு கல்லாகக் கனத்துவிடும். வகுப்புக்கு வெளியே எங்கோ ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டாலும் துணி நனைந்துபோகும். கழிவறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். இங்கே ஓடிப் போகிற பால் அங்கே ஒருவனுக்கு இல்லாமல் போகிறதே என்று அப்போது தோன்றும். சாயங்காலம் ராமலெட்சுமி வீட்டு வாசலில் கால் வைத்தவுடன் பையைக்கூட இறக்காமல் பிள்ளையை வாங்கிக்கொள்வாள்.

"மூச்சு வாங்கிட்டு வாங்கு. அவன் ஒண்ணும் ஓடிப்போயிர மாட்டான். கேப்பைக் கூழு ரெண்டு கிண்ணம் குடிச்சிருக்கான்" என்பாள் ராமலெட்சுமி.

அந்த மழைக்காலத்துக்கு முந்தி ஒரு செவ்வாய்க்கிழமை. கல்லூரியில் மாதாந்திரத் தேர்வு. காலையில் வரவேண்டிய படகு வரவில்லை. வலை எங்கோ பாறையில் மாட்டி அதை எடுக்க நேரமாகிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. ராமலெட்சுமி படகை எதிர்பார்த்து இறங்குதளத்தில் இருந்தாள். பஸ் நேரம் நெருங்க நெருங்க மஜீதா வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தாள். கடைசியில் ஸுஹைரைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கணிதத்துறைத் தலைவர் யுவராணி மேடம். சிரித்துப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. தேர்வு அறை வாசலில் பிள்ளையோடு நின்றவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இது யாரு?"

"என் மகன் மேடம். வீட்டுல இன்னைக்கு ஆள் இல்ல."

"டெஸ்ட் எழுதப்போறது நீயா, இவனா?"

"நான்தான் மேடம்."

"இவனை மடியில வச்சிக்கிட்டு எப்படி எழுதுவ?"

மஜீதா பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டாள். மேடம் வராந்தாவை எட்டிப் பார்த்தார். அலுவலக உதவியாளர் கூத்தையா ஒரு கட்டுக் காகிதத்தோடு போய்க்கொண்டிருந்தார்.

"கூத்தையாண்ணே, அதை வச்சிட்டு இங்க வாங்க. இந்தத் தம்பியக் கொஞ்ச நேரம் பாத்துக்கிருங்க."

கூத்தையா காகிதக் கட்டை வைத்துவிட்டு வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். ஸுஹைர் புது ஆளைப் பார்த்து ஓங்கி அழத் தொடங்கினான். அவர் வேப்பமரத்தைக் காட்டினார், காக்காயைக் காட்டினார், தலைமை எழுத்தரின் மேசையில் இருந்த முத்திரைக்கட்டையைக் கையில் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரியில் மணி என்பது வராந்தாவில் தொங்குகிற ஒரு தண்டவாளத் துண்டுதான். அதன் பக்கத்தில் ஒரு சுத்தியல் மாட்டியிருக்கும். அதைக் கண்டதும் பயல் அழுகையை நிறுத்திக் கையை நீட்டினான். கூத்தையா அவன் கையில் அதைப் பிடிக்க வைத்து, அவன் கைமேல் தன் கையை வைத்து, மெதுவாக ஒரு தட்டுத் தட்டவிட்டார். அது மெதுவாகக் கேட்கவில்லை. பயலுக்கு ருசி கண்டுவிட்டது. கூத்தையா சுதாரிப்பதற்குள் அடுத்தடுத்து அடித்துவிட்டான்.

கல்லூரி மொத்தமும் வகுப்பு முடிந்துவிட்டதென்று வெளியே வந்தது. முதல்வர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். தேர்வு அறையில் மட்டும் யாரும் அசையவில்லை. யுவராணி மேடம் கதவை மறித்து நின்றுகொண்டு, "நேரம் இன்னும் இருக்கு, எழுதுங்க" என்றார். மஜீதாவுக்கு அது யார் அடித்த மணி என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள்.

வெளியே வந்தபோது கூத்தையா பிள்ளையைக் கொடுத்துவிட்டு, "பயலுக்குக் கை நல்லா விழுகுது" என்றார். அதிலிருந்து அவளைக் கண்ட இடத்திலெல்லாம், "மணியக்காரரு சௌக்கியமா?" என்று கேட்பார்.

யுவராணி மேடம் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "வாரத்துல எந்தெந்த நாள் உங்க வீட்டுக்காரர் இருப்பாரு?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதத்திலிருந்து கணிதத்துறையின் மாதாந்திரத் தேர்வுகள் எல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மாறிவிட்டன. ஒரு பிள்ளை ஏன் மேடம் என்று கேட்டதற்கு, "எனக்கு அதுதான் வசதி" என்றார். மூன்று வருடமும் அப்படியே நடந்தது. மஜீதாவும் மேடமும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

வீட்டில் ஜெய்னு பாடு வேறு மாதிரி. பகலில் தூங்க வேண்டிய மனிதன், ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு படுப்பான். தொட்டில் நின்றால் பிள்ளை முழித்துவிடும். பிள்ளை முழித்தால் இவனும் முழிக்க வேண்டும். ஆகையால் தூக்கத்திலேயே காலை ஆட்டப் பழகிக்கொண்டான். படகில் சும்மா படுத்திருக்கும்போதும் அவன் கால் ஆடிக்கொண்டிருப்பதைக் கூட இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். கரையிலும் கேலி நடந்தது. அவன் பதில் சொல்ல மாட்டான். ஒரே ஒரு தடவை, "ஏலே, நாளைக்கு ஒம் மகளுக்கு எம் பொண்டாட்டிதான் கணக்குச் சொல்லிக்குடுக்கப் போறா. கேலி பண்ணாம இரு" என்றானாம்.

மாஷிதாவுக்குத் தலை பின்னிவிடுவதும் அவன் பொறுப்பில் வந்தது. வலை முடிந்த கை அல்லவா. பின்னலை இழுத்து, ரிப்பனை வலைமுடிச்சாகப் போட்டு அனுப்பிவிட்டான். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அழகாயிருக்கிறது என்றார்கள். சாயங்காலம் மஜீதா அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை. ராமலெட்சுமி பார்த்தாள், முடியவில்லை. ஜெய்னுவே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "இது அவுக்கிறதுக்குப் போடுற முடிச்சு இல்ல" என்றான். ரிப்பனை வெட்டித்தான் எடுத்தார்கள். மாஷிதாவோ, மறுநாளும் வாப்பாதான் பின்ன வேண்டும் என்று அடம்பிடித்தாள்.

தேர்வுகள் மட்டும் கடல் பார்த்துக் கொடுத்த மாதிரி அமைந்தன. ஒரு பருவத் தேர்வு ஏப்ரல், மே மாதங்களில், தடைக்காலத்தில் வரும். இன்னொன்று நவம்பரில், காற்றும் மழையுமாகக் கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கைக் கொடி ஏறுகிற நாட்களில் வரும். இரண்டிலும் ஜெய்னு வீட்டில் இருப்பான். அவன் கூட்டாளிகள் கேரளத்துக்குக் கூப்பிட்டார்கள். மஜீதாவின் படிப்பு முடிகிற வரை அவன் போகவே இல்லை. வீட்டில் கை இறுக்கமாக இருந்த மாதங்கள்தான் அவை. மஜீதா இப்போதும் அந்த மாதங்களை நினைத்தால் அந்த இறுக்கம் ஞாபகத்துக்கு வருவதில்லை என்பாள். பகல் பூராவும் புருசனும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க, தான் உட்கார்ந்து படித்ததுதான் வருகிறதாம்.

இரண்டாம் வருட நவம்பரில் அந்த ஏற்பாடு உடைந்தது.

மாஷிதாவுக்குக் காய்ச்சல். முதலில் மழைக்காய்ச்சல் என்று இருந்தார்கள். உடம்பில் சிவப்பாகத் தடிப்பு வந்ததும் ஸுஹைரை ராமலெட்சுமியிடம் விட்டுவிட்டு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு என்றார்கள். இரத்தத் தட்டணு எண்ணிக்கை குறைந்துகொண்டே போகிறது என்று ஒவ்வொரு தடவை இரத்தம் எடுத்துப் பார்க்கும்போதும் சொன்னார்கள். அது தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம். கல்லூரியும் அதே ஊரில்தான் இருந்தது.

அன்றைக்கு வகைக்கெழுச் சமன்பாடுகள் தாள் எழுத வேண்டும். காலையில் ஜெய்னு சொன்னான். "நான் இங்கன இருக்கேன்ல. போயி எழுதிட்டு வா. அவ தூங்கத்தான செய்யிறா."

மஜீதா ஆட்டோவில் ஏறிப் போனாள். தேர்வு அறைச் சீட்டு கையில் இருந்தது. கல்லூரி வாசல் வரை போய் நின்றாள். உள்ளே பிள்ளைகள் கடைசி நேரப் படிப்பைப் படித்துக்கொண்டிருந்தார்கள். இவளுக்கு ஒரு சூத்திரமும் ஞாபகத்தில் இல்லை. மகளின் கையில் ஊசி ஏறியிருந்த இடம் மட்டும் கண்முன் நின்றது. திரும்பி அதே ஆட்டோவில் வந்துவிட்டாள்.

மாஷிதா தூங்கிக்கொண்டிருந்தாள். உம்மா போனதும் அவளுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. அவளைக் கண்டதும் ஜெய்னு எழுந்துகொண்டான். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, டீ வாங்கிவரப் போனான்.

நல்லவேளையாக இரண்டு நாளில் தட்டணு எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஒரு மதியம் மாஷிதா கண்ணை முழித்து இட்லி வேண்டும் என்று கேட்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள் தன் பாத்திரத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தார். மஜீதா அன்றைக்குத்தான் அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் ராமலெட்சுமியிடம் சொன்னாள். "போதும்க்கா. நான் நிப்பாட்டிக்கிறேன். ஒரு பரீட்ச போச்சு. இன்னும் எத்தனைக்கு இந்தப் புள்ளைகளப் போட்டு வதைக்கிறது?"

ராமலெட்சுமி மீன் அலசிக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டாள்.

"யாரு வதைபட்டா? ஒம் மகன் என் வீட்டுல வதைபட்டானா?"

"நான் அப்பிடிச் சொல்லலக்கா."

"பெறகு எப்பிடிச் சொன்ன? காய்ச்சல் என்ன, நீ காலேஜுக்குப் போனதுனாலயா வந்துச்சு? தெருவுல எம்புட்டுப் பேருக்கு வந்துச்சு, அவுக எல்லாம் காலேஜுக்கா போனாக?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எறங்குதளத்துல எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், நான் வளக்குற புள்ளையோட அம்மா பி.எஸ்.சி. வாங்கப்போறான்னு. நீ பாட்டுக்கு நிக்கிறேங்குற. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மீன் பிரிக்கப் போவேன்?"

மஜீதா செம்பை எடுத்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினாள். அந்தப் படிப்பில் ராமலெட்சுமிக்கும் இவ்வளவு இருக்கிறது என்று அதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை. புள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள், உதவி செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தாள்.

மறுவாரம் கல்லூரிக்குப் போனபோது யுவராணி மேடம், "பொண்ணு எப்படி இருக்கா?" என்றார். நன்றாக இருக்கிறாள் என்றதும், "அரியர் வச்சவங்க எல்லாம் நின்னா நான் பாதிப் பேருக்குத்தான் பாடம் நடத்தணும். போய் உக்காரு" என்றார்.

மூன்றாம் வருடம் கடைசிப் பருவத் தேர்வு வந்தது. கூடவே, அதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த, தவறிப்போன அந்தத் தாளையும் எழுத வேண்டும். தடைக்காலம். ஜெய்னு வீட்டில் இருந்தான். ஆனால் ஸுஹைர் வளர்ந்துவிட்டான். முந்தி மாதிரி தொட்டிலில் போட்டு ஆட்டிவிட முடியாது. உம்மா புத்தகத்தை எடுத்தால் அவனும் புத்தகத்தை எடுப்பான். அதே புத்தகத்தைத்தான் எடுப்பான். கதவைச் சாத்தினால் கதவில் முட்டுவான். மஜீதா ஒரு பக்கம் படித்தால் ஒன்பது தரம் எழுந்தாள்.

ஜெய்னுதான் யோசனை சொன்னான். அவன் போகிற படகு மராமத்துக்காகக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. மேலே சுக்கான் பிடிக்கிற சின்ன அறை. கடல்பக்கம் காற்று வரும், கதவு உண்டு, யாரும் ஏறி வரமாட்டார்கள். மூத்தவர் என்ற மரியாதையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிற படகுச் சொந்தக்காரர் மீரா சாகிபுவிடம் போய்க் கேட்டான். அவருக்குப் புரியவில்லை.

"படகுல உக்காந்து படிக்கப்போகுதா?"

"ஆமா காக்கா. வீட்டுல சின்னவன் விடமாட்டேங்குறான்."

"பெயிண்ட் வாட அடிக்குமே. நாளைக்குப் பெயிண்ட் அடிக்கிறவன அடிப்பக்கம் போகச் சொல்லுதேன். மேல கடைசியா அடிச்சிக்கிறலாம்" என்றார் மீரா சாகிபு.

காலையில் ஏணி வைத்து ஏறினால் மஜீதா மதியம்தான் இறங்குவாள். பாயும் தண்ணீர்ப் பாட்டிலும் புத்தகங்களும் மேலே. சின்னச் சன்னல் வழியாகப் பாம்பன் பக்கத்துக் கடல் தெரியும். அவள் வாழ்க்கையிலேயே அப்படி ஒரு தனியறை கிடைத்ததில்லை என்று சொல்லியிருக்கிறாள். கீழே கூரை நிழலில் ஜெய்னு வலை பார்த்துக்கொண்டே ஸுஹைரையும் பார்த்துக்கொள்வான். அந்த வருடம் மற்ற மீனவர்களும் தங்கள் வாண்டுகளைக் கொண்டுவந்து அங்கேயே விட ஆரம்பித்துவிட்டார்கள். ஜெய்னு இருக்கிறான், பார்த்துக்கொள்வான் என்று. முதலில் கேலி செய்தவர்களும் அதில் உண்டு.

ஒருநாள் ஸுஹைர் கேட்டான்.

"வாப்பா, உம்மா எங்க?"

"கடலுக்குப் போயிருக்கு."

"எந்தப் படகுல?"

ஜெய்னு வலையிலேயே கவனமாக இருந்தான். "நம்ம படகுலதான்."

"நம்ம படகு இங்கனதான நிக்கிது?"

பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். ஜெய்னு வலையை உதறி மறுபடி மடியில் போட்டுக்கொண்டான். ஸுஹைர் நேரே படகடிக்குப் போனான். பலகையைக் கையால் தட்டினான்.

"உம்மா, மீன் புடிச்சிட்டியா?"

மேலே காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது. "இன்னும் இல்லப்பா."

"எப்ப வருவ?"

"இந்த ஒரு கணக்கு முடிஞ்சதும்."

அவன் யோசித்தான். "சரி, பெருசாப் புடி" என்று சொல்லிவிட்டு, மற்ற பிள்ளைகளோடு சிப்பி பொறுக்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் தொந்தரவு செய்யவே இல்லை. யாராவது கேட்டால், எங்க உம்மா கடலுக்குப் போயிருக்கு, வர நேரமாகும் என்பான்.

தேர்வு முடிவு வந்த அன்று ஜெய்னு கடலில் இருந்தான். மஜீதா கைபேசியில் பார்த்தாள். எல்லாத் தாளும் தேறியிருந்தது, தவறிய தாளும் சேர்த்து. அந்தத் தாளில்தான் மற்ற எல்லாவற்றையும் விட அதிக மதிப்பெண். ராமலெட்சுமியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அவள் ஸுஹைரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, "ஒங்கம்மா பாஸாயிட்டாடா" என்று அவனிடம் சொன்னாள். அவனோ மீன் எங்கே என்று கேட்டான். மறுநாள் விடிகிற நேரத்தில் மஜீதாவே இறங்குதளத்துக்குப் போய் நின்றாள். படகு வந்து கயிறு கட்டும்வரை காத்திருந்து, ஜெய்னு இறங்கியதும் சொன்னாள். அவன், "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். பிறகு முகத்தைத் துடைப்பது மாதிரித் துண்டை எடுத்து, வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

பட்டமளிப்பு விழாவுக்கு எல்லாரும் போனார்கள். ராமலெட்சுமி அன்று வேலைக்குப் போகவில்லை, படகு வருகிற நாளாக இருந்தும். தன் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். சிறப்பு விருந்தினர் பேச்சு நீண்டுகொண்டே போனதால் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். மஜீதாவின் பெயரை வாசித்தபோது மாஷிதாதான் அவளைத் தட்டி எழுப்பினாள். யுவராணி மேடம் மேடையின் ஓரத்தில் நின்று பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பட்டத்தை வாங்கிக்கொண்டு மஜீதா இறங்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அதை ஜெய்னுவும் பார்த்தான் என்பதால் தப்பாகச் சொல்லவில்லை என்பாள் மஜீதா.

இப்போது அவள் பி.எட். படிக்கிறாள். கற்பித்தல் பயிற்சிக்காக அவளை அனுப்பியது மாஷிதா படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு. முதல் நாள் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினாள். கரும்பலகையில் போட்ட கோடு கோணலாக வந்தது. ஒரு பையன் எழுந்து கேட்ட சந்தேகத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பித்த பிறகு கோடு தானாக நேராக விழுந்தது.

மதிய இடைவேளையில் மாஷிதா தன் கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இதுதான் எங்க உம்மா. டீச்சருக்குப் படிக்குது."

அவர்களில் ஒருத்திக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒங்க உம்மா இன்னுமா படிக்குது?"

"ஆமா. நான் சின்னப்புள்ளையா இருக்கையிலருந்தே படிக்குது" என்றாள் மாஷிதா, ஏதோ எல்லா வீட்டிலும் உம்மாக்கள் செய்கிற வேலை மாதிரி.

மஜீதா சாக்பீஸ் பொடி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அன்று காலை ஜெய்னு கட்டிக்கொடுத்த சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, எல்லாரையும் உட்காரச் சொன்னாள்.